கழுத்திலிருந்து எழும் தலையிடிக்குக் கைரோபிரக்டிக் சிகிச்சை: போகலாமா, எதையெல்லாம் கேட்டுவிட்டுப் போகவேண்டும்?

நெய்தல் (ஸ்காபுரோ, கனடா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த குளிர்காலத்தில் 401 நெடுஞ்சாலையின் நெரிசலில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்த வாகனம் ஒன்று மோதியது. வெளிக்காயம் எதுவும் இருக்கவில்லை. சில கிழமைகளில் கழுத்து இறுக்கமும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வலப்பக்கப் பிடரியில் தொடங்கி, காதின் பின்புறமாக ஏறி, வலக் கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும் ஒரு தலையிடி என்னை விடுவதாக இல்லை. வந்தால் வலப்பக்கம் மட்டுமே வரும். ஒருநாளும் பக்கம் மாறியதில்லை. கணக்கியல் வேலை என்பதால் நாள் முழுவதும் இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் இருக்கிறேன், பின்னேரமாகும்போது பிடரி இறுகி, அதோடு தலையிடியும் தொடங்கிவிடும். காரைப் பின்னோக்கி எடுக்கும்போது வலப்பக்கமாகத் தலையை மட்டும் திருப்ப முடிவதில்லை. இடுப்பிலிருந்து உடம்பையே திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

குடும்ப வைத்தியர் பரிசோதித்துவிட்டு, இது கழுத்திலிருந்து வரும் தலையிடியாக இருக்கலாம் என்றார். எக்ஸ்ரே படத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அவர் சொன்னபடி ரைலனோல் (பரசிட்டமோல்) மாத்திரை எடுக்கிறேன். இப்போது வேலை நாட்களில் அதை எடுக்காத நாளே இல்லை என்றாகிவிட்டது. வேலையிடத்துக் காப்புறுதியில் கைரோபிரக்டிக் சிகிச்சைக்கும் (முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் தள்ளியும் அசைத்தும் செய்வது) இடமிருப்பதால் அருகிலுள்ள ஒரு நிலையத்துக்குப் போனேன். அவர்கள் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்து, கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது என்று படத்தில் கோடு போட்டுக் காட்டி, கிழமைக்கு மூன்று தடவை வீதம் பல மாதங்களுக்கு வரவேண்டும் என்றும், முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டினால் கழிவு தருவதாகவும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்துவிட்டேன்.

கழுத்தை நெட்டி முறித்தால் பாரிசவாதம் வரும் என்று அம்மா பயப்படுகிறார். வேலையிடத்தில் ஒருவரோ, தன்னுடைய தலையிடி இந்தச் சிகிச்சையால்தான் தீர்ந்தது என்கிறார். இந்தத் தலையிடிக்குக் கைரோபிரக்டிக் உண்மையில் உதவுமா? உதவும் என்றால் எத்தனை தடவை போவது நியாயம்? ஆபத்து எவ்வளவு? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

---

ஆதிரை (பிரம்ரன்) எழுதியது:

வணக்கம் நெய்தல் அக்கா. நான் பிசியோதெரப்பி துறையில் பணிபுரிகிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காததால் உங்களுக்கு இருப்பது இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் பல விபரங்கள் கழுத்துத் தலையிடியோடு நன்றாகப் பொருந்துகின்றன: பக்கம் மாறாமை, பிடரியில் தொடங்கி முன்னோக்கி ஏறுவது, கழுத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும்போது கூடுவது, ஒரு பக்கம் திரும்ப முடியாமை, விபத்துக்குப் பிறகு தொடங்கியமை.

நோர்வே நாட்டு நரம்பியல் நிபுணர் ஒட்டார் ஷோஸ்தாட் 1983 இல்தான் இந்தத் தலையிடிக்குத் தனிப்பெயர் கொடுத்து விபரித்தார். கழுத்தில் உள்ள கோளாறு கண்ணுக்குப் பின்னால் ஏன் நோகிறது என்று பலர் கேட்பதுண்டு. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பும் (trigeminal), முண்ணாணின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து மேலே போகும் செய்தி எந்த வாசலால் வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே மூட்டில் இருக்கும் நோவைக் கண்ணின் நோவாக உணர்கிறோம். இரண்டாம் மூன்றாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறிய மூட்டுத்தான் இதற்கு அடிக்கடி காரணமாவதாக அறியப்பட்டுள்ளது, அதிலும் பின்னாலிருந்து மோதப்பட்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆனால் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். மைக்ரேன் உள்ளவர்களிலும் மிகப் பலருக்குக் கழுத்து நோகும். கழுத்து நோகிறது என்பதால் மட்டும் தலையிடி கழுத்திலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்ட முடியாது. மைக்ரேனுக்கு நல்ல மருந்துகள் இருக்கும்போது மாதக்கணக்கில் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது உங்கள் காலத்தையும் பணத்தையும் வீணாக்கிவிடும். எனவே முதலில் கேட்கவேண்டியது, "என் தலையிடி கழுத்திலிருந்து வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்ற கேள்விதான். கைதேர்ந்த ஒருவர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, நாடி (மோவாய்) நெஞ்சை நோக்கி வரும்படி தலையை முழுவதுமாக வளைத்து, அந்த நிலையிலேயே மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார். அப்படி வளைத்திருக்கும்போது கீழ்க்கழுத்தின் அசைவு பூட்டப்பட்டுவிடுவதால், திரும்புவது பெரும்பாலும் முதலாம் இரண்டாம் முள்ளெலும்புகளுக்கு இடையில் மட்டுமே. சுகமாக இருப்பவரின் தலை ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 44 பாகை திரும்பும். ஒரு பக்கம் அதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குறைந்து, அதே நேரத்தில் உங்களுக்குப் பழக்கமான தலையிடியும் கிளம்பினால், அது நல்ல தடயம். அதன் பிறகு மேற்கழுத்து மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி, எதில் அழுத்தும்போது அதே தலையிடி எழுகிறது என்று பார்ப்பார்கள்.

வளைவு நேராகிவிட்டது என்று எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டுவது இதற்கு ஈடாகாது. தலையிடி அறியாதவர்களின் படங்களிலும் நேரான கழுத்துகளும் தேய்ந்த மூட்டுகளும் தாராளமாகக் காணப்படுகின்றன. ஏற்கனவே ஒரு படம் இருக்கும்போது மறுபடி எடுக்க என்ன தேவை இருந்தது என்றும் கேட்டிருக்கலாம்.

மாத்திரை பற்றியும் சொல்லவேண்டும். ரைலனோல் போன்ற சாதாரண நோ மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரையே தலையிடியை உருவாக்கத் தொடங்கிவிடலாம். வேலை நாட்களில் தவறாமல் எடுக்கிறேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பீர்கள் போலத் தெரிகிறது. இதைக் குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் இது சரிசெய்யப்படாவிட்டால் யார் கழுத்தைத் தொட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

---

கரைச்சி (மார்க்கம்) எழுதியது:

நெய்தல் தங்கச்சி, எனக்கும் இதே மாதிரியான தலையிடிதான், இடப்பக்கம். பார ஊர்தி ஓட்டுபவன் என்பதால் கழுத்து ஓய்வில்லாமல் குலுங்கியபடியே இருக்கும். கைரோபிரக்டரிடம் போய்த்தான் எனக்குக் குறைந்தது. ஆகவே அந்தத் துறையையே ஒதுக்கிவிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்ராறியோவில் அவர்கள் சட்டப்படி பதிவுசெய்யப்பட்டவர்கள். முள்ளந்தண்டு மூட்டை அதன் வழக்கமான அசைவெல்லையைத் தாண்டி வேகமாகத் தள்ளும் செயலை இந்த மாகாணம் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட செயலாக வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற துறையினரைத் தவிர வேறு எவரும் அதைச் செய்யக்கூடாது. ஊரில் சலூன்காரர் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகி நெட்டி எடுப்பாரே, அதையும் இதையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

என்னைப் பார்த்தவர் முதல் நாள் கழுத்தில் கையே வைக்கவில்லை. நெடுநேரம் விபரம் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணின் அசைவு, முகத்தின் உணர்ச்சி, நடை எல்லாம் பார்த்தார். எந்தச் சிகிச்சையை ஏன் செய்யப்போகிறேன், அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எழுத்தில் தந்து, வாசித்த பிறகே கையொப்பம் வாங்கினார். நெட்டி எடுப்பது எனக்கு விருப்பமில்லை என்றபோது முகம் சுளிக்காமல், கையால் மெதுவாக அசைத்துத் தளர்த்தும் முறையைச் செய்தார். முன்கூட்டிப் பணம் கட்டச் சொல்லவில்லை. சில கிழமைகளில் குறைவு தெரியாவிட்டால் உங்களை நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி குடும்ப வைத்தியருக்குக் கடிதம் எழுதுவேன் என்றும் அவராகவே சொன்னார். நீங்கள் போன நிலையம் இப்படி நடந்துகொள்ளவில்லை என்றால், அதைவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். ஒன்ராறியோ கைரோபிரக்டர்கள் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அது) இணையப் பதிவேட்டில் எவருடைய பெயரையும் போட்டு, அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாகாண மருத்துவக் காப்புறுதி 2004 டிசம்பரில் கைரோபிரக்டிக்குக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. உங்களுடையது வாகன விபத்து என்பதால், வேலையிடத்துக் காப்புறுதி முடிந்த பிறகு வாகனக் காப்புறுதியிலும் கேட்க வழியுண்டு. சிறு காயம் என்று வகைப்படுத்தினால் அதன் உச்சவரம்பு 3,500 டொலர். அந்தத் தொகையிலேயே பிசியோதெரப்பியும் மசாஜும் அடங்கும். முழுவதையும் ஒரே நிலையத்தில் ஒரே சிகிச்சைக்குக் கொட்டிவிட்டால் பிறகு கை வெறுமையாகிவிடும்.

---

வெண்காந்தள் (மிசிசாகா) எழுதியது:

நான் வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். நெய்தல், உங்கள் அம்மாவின் பயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கழுத்தின் இரண்டு பக்கமும் முள்ளெலும்புகளின் துளைகளூடாக மூளைக்கு ஏறும் இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. முதலாம் முள்ளெலும்பைச் சுற்றி அவை வளைந்து போகும் இடத்தில், கழுத்து சடுதியாகத் திரும்பினால் இழுபடுகின்றன. அரிதாக உட்சுவர் கிழிந்து, அங்கே கட்டியாகும் இரத்தம் மூளைக்குப் போனால் பாரிசவாதம் ஏற்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்படி உட்சுவர் கிழிந்தவருக்கு முதலில் தெரியும் அறிகுறியே கழுத்து நோவும் தலையிடியும்தான். அந்த நோவோடு அவர் கைரோபிரக்டரிடமோ குடும்ப வைத்தியரிடமோ போகிறார். பிறகு பாரிசவாதம் வருகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். நம்முடைய ஒன்ராறியோவிலேயே 1993 முதல் 2002 வரையிலான வைத்தியசாலைப் பதிவுகளில் இவ்வகைப் பாரிசவாதம் வந்த 818 பேரை எடுத்து ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டார்கள். 45 வயதுக்குட்பட்டவர்களில், பாரிசவாதத்துக்கு முன்னர் கைரோபிரக்டரிடம் போனவர்களுக்கு இருந்த தொடர்பைப் போலவே குடும்ப வைத்தியரிடம் போனவர்களுக்கும் தொடர்பு காணப்பட்டது. நோயோடுதான் பலர் போயிருக்கிறார்கள் என்பதையே அது உணர்த்துகிறது. ஆயினும் 2014 இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்ட அதேவேளை, கழுத்தைத் தள்ளும் முன்னர் இந்த ஆபத்தை நோயாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. மிக அரிது என்பது உண்மை. அரிதாக இருந்தாலும், நேர்ந்தால் உயிரையோ பேச்சையோ பறிக்கக்கூடியது என்பதும் உண்மை. நான் பணிபுரியும் இடத்தில் பாரிசவாத நோயாளிகளைப் பார்ப்பதால், இதை இலேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகையால், இதுவரை அனுபவித்திராத புதுவிதமான கழுத்து நோ அல்லது தலையிடி திடீரென்று வந்திருந்தால் எவரையும் கழுத்தைத் தொடவிடாதீர்கள். அதோடு பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறுதல், விழுங்கச் சிரமம், நடை தள்ளாடுதல், முகத்தில் விறைப்பு, ஒரு கண்ணிமை தொங்குதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நிலையத்துக்கு அல்ல, 911 க்கு அழையுங்கள். சிகிச்சை மேசையிலிருந்து எழும்பும்போது இவை தெரிந்தாலும் அப்படியே. எலும்பு நலிவு, கழுத்து மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து ஆகியவை இருந்தால் வேகமாகத் தள்ளும் முறை வேண்டவே வேண்டாம்.

---

நெய்தல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் தலையிடி பல மாதங்களாக ஒரே மாதிரி இருக்கிறது, புதிதாக எதுவும் சேரவில்லை. வெண்காந்தள் எழுதிய அறிகுறிகளும் இல்லை. மாத்திரை விடயத்தைக் குடும்ப வைத்தியரிடம் கதைக்க நேரம் எடுத்திருக்கிறேன். கரைச்சி அண்ணா சொன்ன பதிவேட்டையும் பார்த்தேன். ஆனால் எத்தனை தடவை போவது என்ற கேள்விக்கு இன்னும் தெளிவு கிடைக்கவில்லை. நெட்டி எடுப்பதால் பலன் உண்டு என்று ஆய்வு எதுவும் இருக்கிறதா? அது இல்லாமலே குணமாகலாம் என்றால், எதற்காக அந்த ஆபத்தை எடுக்கவேண்டும்?

---

ஆதிரை எழுதியது:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விதான் இதில் முக்கியமானது. 2018 இல் அமெரிக்காவில் கழுத்துத் தலையிடி உள்ள 256 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். எல்லோரும் ஆறு கிழமைகளில் 18 தடவைகள் வந்தார்கள். சிலருக்கு எல்லாத் தடவையும் நெட்டி எடுக்கும் சிகிச்சை. சிலருக்கு 12 அல்லது 6 தடவை மட்டும். மிச்சத் தடவைகளில் மெல்லிய மசாஜ். இன்னொரு பகுதியினருக்கு முழுவதும் மசாஜ் மட்டுமே. 18 தடவையும் நெட்டிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மாதத்தில் ஏறக்குறைய 16 நாட்கள் இருந்த தலையிடி 8 நாட்களாகக் குறைந்தது. ஆனால் மெல்லிய மசாஜ் மட்டும் பெற்றவர்களுக்கும் குறைந்தது; இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாதத்துக்கு மூன்று நாட்கள் அளவில்தான். மூன்று நாள் நிம்மதி சிறிய விடயம் அல்ல. ஆனாலும், குறைந்த நாட்களில் பெரும்பங்கு நெட்டியால் வந்ததல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். கிழமைக்கு மூன்று தடவை என்பது அந்த ஆய்விலும் இருந்தது; ஆனால் ஆறு கிழமைகளோடு முடிந்தது. பல மாதங்களுக்கு முன்பணம் கட்ட அதில் எந்த ஆதாரமும் இல்லை.

அதற்கு முன்னர், 2002 இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவென்டலின் ஜல் தலைமையில் 200 பேரிடம் செய்த ஆய்வு வெளியானது. கையால் செய்யும் சிகிச்சை ஒரு குழுவுக்கு, கழுத்தின் ஆழ்தசைகளுக்கான பயிற்சி இன்னொரு குழுவுக்கு, இரண்டும் சேர்த்து மூன்றாவது குழுவுக்கு, நான்காவது குழுவுக்கு எதுவுமில்லை. ஆறு கிழமைச் சிகிச்சையின் பயன் 12 மாதங்களுக்குப் பிறகும் நிலைத்திருந்தது, அதுவும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடமும் அதே அளவுக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் பலன் கண்டவர்கள் சற்று அதிகம். நெட்டி எடுக்காமலே குணமடையலாம் என்ற நம்பிக்கையோடு என்னிடம் வருபவர்களுக்கு நான் சிகிச்சை தொடங்குவதற்கு இதுவே காரணம்.

அந்தப் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல், "ஓம்" என்று தலையாட்டுவது போல நாடியை மட்டும் மிக மெதுவாக உள்ளே இழுத்து, பத்து விநாடிகள் பிடித்துவிட்டு விடவேண்டும். இப்படிப் பத்துத் தடவை. கழுத்தின் முன்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: அங்கே கயிறு போலப் புடைத்துவரும் தசை எழும்பினால் நீங்கள் தேவைக்கு மேல் பலம் கொடுக்கிறீர்கள். அந்தப் பெரிய தசை அமைதியாக இருக்க, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தசைகள் மட்டும் வேலை செய்யவேண்டும். சிலருக்கு முதல் கிழமையில் மூன்றாவது தடவையிலேயே நாடி நடுங்கத் தொடங்கிவிடும். அது பலவீனத்தைக் காட்டுகிறதே தவிர, பயப்படத் தேவையில்லை. தலையிடி கூடினால் நிறுத்தி, செய்யும் முறையை ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நெட்டிச் சத்தத்தைப் பற்றி: "டக்" என்று கேட்டதும் விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015 இல் விரல் மூட்டு நெட்டி முறியும் கணத்தை எம்ஆர்ஐ மூலம் படமெடுத்தபோது, மூட்டின் திரவத்துக்குள் வாயு இடைவெளி ஒன்று சடுதியாக உருவாவதையே கண்டார்கள். எதுவும் விலகியிருக்கவுமில்லை, எதுவும் இடத்துக்கு வரவுமில்லை. சத்தம் வரவில்லை என்பதற்காகச் சிகிச்சை பலிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். வீட்டில் நீங்களே கழுத்தைத் திருகிச் சத்தம் வரவைக்கவும் வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், அக்கா, நீங்கள் கைரோபிரக்டரிடம் போனாலும் பிசியோதெரப்பிஸ்ட்டிடம் போனாலும், வேகமாகத் தள்ளாமல் மெதுவாக அசைக்கும் முறையையும் பயிற்சியையும் ஒன்றாகக் கேளுங்கள். தலையிடி வந்த நாட்களையும் மாத்திரை எடுத்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். ஆறு கிழமைகளில் அந்த எண்ணிக்கை குறையவில்லை என்றால் சிகிச்சையை நீட்டவேண்டாம். குடும்ப வைத்தியரிடம் திரும்பப் போய், மைக்ரேன் உண்டா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கழுத்துத்தான் காரணம் என்று உறுதியாகச் சந்தேகப்பட்டும் குறையாதவர்களுக்கு, படத்தின் வழிகாட்டலில் அந்த மூட்டின் நரம்பை விறைக்கச் செய்யும் ஊசி போட்டுப் பார்க்கும் வசதி நோ சிகிச்சை நிலையங்களில் இருக்கிறது. ஊசி வேலை செய்யும் நேரத்தில் தலையிடி முற்றாக மறைந்தால் மூலம் எது என்பது தெளிவாகும்.

---

கரைச்சி எழுதியது:

ஆதிரை பிள்ளை சொல்லும் அந்தத் தலையாட்டும் பயிற்சியைத்தான் என்னைப் பார்த்த கைரோபிரக்டரும் தந்தார். சிகிச்சையை நிறுத்திய பிறகும் நான் அதை விடவில்லை. நெய்தல் தங்கச்சி, இரண்டு திரைகளில் எதை அதிகம் பார்க்கிறீர்களோ அதை நேர் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத் திரையைப் பார்க்க நாள் முழுவதும் திரும்பியபடி இருந்தால், எவர் வந்து கழுத்தைத் தளர்த்தினாலும் அடுத்த நாளே மறுபடி இறுகிவிடும். காரின் தலைச்சாய்வையும் தலையின் உச்சி மட்டத்துக்கு உயர்த்தி, பிடரிக்குக் கிட்டவாக இருக்கும்படி வையுங்கள். பலர் அதைக் கழுத்து மட்டத்திலேயே விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள்.

---

நெய்தல் எழுதியது:

கரைச்சி அண்ணா, இப்போதுதான் பார்த்தேன்: முக்கியமான திரை வலப்பக்கம்தான் இருக்கிறது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன். அந்த நிலையத்துக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டேன். வேறொரு இடத்தில் முதற்சந்திப்பு எடுத்திருக்கிறேன். வேகமாகத் தள்ளும் முறை வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொன்னபோது, அதை உங்கள் கோப்பில் எழுதிவைக்கிறோம் என்றார்கள். ஆதிரை சொன்ன கழுத்து வளைத்துத் திருப்பும் பரிசோதனையைச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.